ஊர் விரிய வேண்டுமா, உயர வேண்டுமா?

நம் கூட்டுறவு இயக்கத்தில் நெசவாளரும் பயிரிடுவோரும் ஒரே குடையின் கீழ் நிற்கிறார்கள். நூல் விலை ஏறினால் ஒருவர் துயரத்தை மற்றவர் அறிவார். மழை பொய்த்தால் இருவர் அடுப்பும் தணியும். ஆயினும், அண்மைக் காலமாக ஒரு விஷயத்தில் மட்டும் இவ்விரு சாராரும் எதிரெதிராக நிற்கக் காண்கிறோம். குடியிருக்க வீடில்லை, ஊருக்கு வெளியே நிலம் வாங்கி அங்கத்தினர்களுக்கு மனை பிரித்துக் கொடுங்கள் என்று நெசவாள அங்கத்தினர்கள் கேட்கிறார்கள். அந்த நிலம் எங்கள் ஏரியின் ஆயக்கட்டு. அதில் கல் நட்டால் எங்கள் வாய்க்கால் அடைபடும் என்று விவசாய அங்கத்தினர்கள் மறுக்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மை. இருவர் தேவையும் நியாயமானதே. ஆகவே, ஒரு பக்கம் சாய்ந்து மற்றொரு பக்கத்தைக் கண்டிப்பதால் பயன் விளையாது. வழக்கின் வேரைப் பார்க்க வேண்டும்.

நெசவாளர் கூறும் குறை

நெசவாளரின் வீடு வெறும் குடியிருப்பு அன்று; அதுவே அவருடைய தொழிற்சாலை. முன்கூடத்தில் குழித்தறி, அதன் பக்கத்தில் மனைவியோ தாயோ தார் சுற்றும் ராட்டினம், பாவைக் காக்கத் தனி மூலை, எஞ்சிய இடத்தில் சமையலும் படுக்கையும். தந்தை காலத்தில் ஒரு தறியும் ஒரு குடும்பமும் இருந்த வீட்டில் இன்று இரண்டு மகன்களும் அவர்கள் மனைவி மக்களும் வசிக்கிறார்கள். இரவில் தறியின்மேல் பலகை போட்டுக் குழந்தைகளைப் படுக்க வைக்கும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். வாடகைக்குப் போகலாமே என்றால், தரையில் குழி தோண்டச் சம்மதிக்கும் வீட்டுக்காரர் அரிது. தறி போட இடமில்லாத காரணத்தாலேயே தொழிலைக் கைவிட்டு, பின்னலாடைக் கம்பெனிக்கோ காவலாளி வேலைக்கோ செல்லும் இளைஞர்கள் உண்டு. வீட்டுப் பிரச்சினை இவ்விதத்தில் நெசவுத் தொழிலின் ஆயுட் பிரச்சினையும் ஆகிவிடுகிறது.

இது ஒரு தொழிலுக்கு மட்டும் உரிய நெருக்கடியும் அன்று. இந்திய நகரங்களில் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று மத்திய அரசாங்கம் நியமித்த தொழில்நுட்பக் குழு 2012-ம் ஆண்டில் கணக்கிட்டது. அந்தக் கணக்கை ஊன்றிப் பார்த்தால் வியப்பான செய்தி ஒன்று தெரியும். வீடே இல்லாமல் தெருவில் வாழ்வோர் அதில் மிகச் சிறு பகுதி. ஐந்தில் நான்கு பங்கு, சுமார் 1 கோடியே 50 லட்சம் குடும்பங்கள், கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். இடம் போதாமல் ஒருவர்மேல் ஒருவராக இருக்கிறார்கள். அதே காலத்தில், 2011-ம் ஆண்டு மக்கட்கணக்கின்படி, நாட்டின் நகரங்களில் சுமார் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் பூட்டிக் கிடந்தன! வீடு கட்டப்படாமலில்லை, தேவைப்பட்டோர் கைக்கெட்டும் விலையில், அவர்கள் பிழைப்பு நடக்கும் இடத்தில் கட்டப்படவில்லை என்பதே இதன் பொருள்.

விவசாயி கூறும் குறை

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றின் கீழுள்ள ஆயக்கட்டு என்பது தனித்தனி வயல்களின் கூட்டம் மட்டுமன்று. மதகிலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்குப் பாயும் தண்ணீர், மிஞ்சிய நீர் அடுத்த ஏரிக்கு ஓடும் வடிகால் என்று அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்த உடல் அது. அதன் நடுவே ஒருவர் தம் இரண்டு ஏக்கரை மனைத் தரகரிடம் விற்றுவிட்டால் நிகழ்வதென்ன? முதலில் வண்ணம் பூசிய கற்கள் நடப்படுகின்றன. பாதைக்காக வாய்க்கால் தூர்க்கப்படுகிறது. மண் கொட்டி மனை உயர்த்தப்படுகிறது. மழைக் காலத்தில் பக்கத்து வயலின் நீர் வடிய வழியின்றி நாற்று அழுகுகிறது. கோடையில் கீழ்வயலுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. இரண்டு போகம் விளைந்த நிலம் ஒரு போகமாகி, பின்பு தரிசாகி, கடைசியில் அதுவும் மனையாகிறது. விற்றவர் ஒருவர், விவசாயம் இழப்பவர் பத்துப் பேர்.

இதைவிட ஆழ்ந்த தீங்கு ஒன்று உண்டு. மனை விலை ஊரின் நில விலையாகிவிடுகிறது. நெல்லோ கடலையோ கரும்போ பயிரிட்டு ஈட்டும் வருமானத்தைக் கொண்டு அந்த விலையில் ஒரு சென்ட் நிலம்கூட வாங்க முடியாது. குத்தகைக்கு உழும் சிறு விவசாயி என்றென்றைக்கும் குத்தகைக்காரராகவே இருக்க நேரிடுகிறது. நிலம் விளைச்சலுக்கான கருவி என்ற நிலை மாறி, பெட்டியில் பூட்டி வைக்கும் பொன்னாகிவிடுகிறது.

பட்டணம் கற்பிக்கும் பாடம்

கட்டுப்பாடின்றி அகலமாகப் பரவும் ஊர் எவ்வாறு ஆகும் என்பதை அறிய நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சென்னைப் பெருநகர்ப் பகுதி என்று திட்டமிடுவோர் வகுத்திருந்த எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். 2022-ல் அது 5,904 சதுர கிலோமீட்டராக, ஏறத்தாழ ஐந்து மடங்காக, விரிவாக்கப்பட்டது. எல்லையை விரித்தது காகிதத்தில்தான் என்று சொல்லலாம். ஆனால் காகிதம் பின்னால் வந்தது. மனைக் கற்கள் முன்னாலேயே போய்விட்டன. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதென்று 2016-ம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதிக்க நேர்ந்தது. அதுவரை விற்கப்பட்டுவிட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசாங்கம் விதிகள் வகுக்க நேர்ந்தது. நோய் முற்றிய பின் மருந்து தேடிய கதையே இது.

2015-ம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. அங்கு வீடு கட்டியவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்லர். நகரத்துக்குள் இடம் வாங்க இயலாமல், வாழ்நாள் சேமிப்பைப் போட்டு, கடன் வாங்கி, புறநகரில் ஒரு கூரை அமைத்துக்கொண்ட நடுத்தரக் குடும்பங்கள்தாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும் பகுதி குடியிருப்பும் குப்பைமேடும் சாலையுமாக மாறியபின், 2022-ல் அதன் எஞ்சிய பகுதி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 2023 டிசம்பர்ப் புயல் மழையில், அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளில் மக்கள் நாட்கணக்கில் நீருக்கு நடுவே இருந்தார்கள். தண்ணீர் தன் பட்டாவை மறப்பதில்லை.

ஏழைகளின் கதை இன்னும் கசப்பானது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, குடிசைகள் இருந்த இடத்திலோ அதற்கு அருகிலோ மாடிக் குடியிருப்புகள் பல எழுந்தன. பிற்காலத்தில் அக்கொள்கை தேய்ந்தது. 2000-ம் ஆண்டு முதல் ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் குடியேற்றப்பட்டன. வீடு கிடைத்தது, வேலை பின்தங்கிவிட்டது. மயிலாப்பூரிலும் எழும்பூரிலும் வீட்டு வேலை செய்தும், கூலி மூட்டை சுமந்தும் பிழைத்தவர்கள், விடியுமுன் பேருந்து பிடித்து நெடுந்தூரம் போக வேண்டியதாயிற்று. வீட்டைப் பிழைப்பிலிருந்து பிரித்தால், கொடுத்த வீடும் பாரமாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மலிவு எது?

ஊருக்கு வெளியே மனை மலிவு என்கிறார்கள். விலைப் பத்திரத்தில் மலிவுதான். மற்றக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வாங்கும் மனை, ஊருக்குள் கிடைக்கும் இடத்தைவிட இரண்டு லட்ச ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கும் ஷேர் ஆட்டோவுக்குமாகக் குடும்பத்துக்கு நாள் ஒன்றுக்கு ரூ.80 செலவானால், மாதம் 25 நாளுக்கு ரூ.2,000, ஆண்டுக்கு ரூ.24,000. எட்டரை ஆண்டில் அந்த இரண்டு லட்சமும் கரைந்துவிடும். அதன்பின் ஆயுள் முழுவதும் நஷ்டமே. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை; அது பெரிய உதவி என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் பயணத்தில் கழியும் நேரத்துக்குக் கட்டணம் உண்டு. நாள்தோறும் இரண்டு மணி நேரம் வழியில் போனால், தறியில் அத்தனை நேரம் ஓட வேண்டிய நாடா ஓடாமல் நிற்கிறது. லாரித் தண்ணீர், விளக்கில்லாத தெரு, மருத்துவமனைக்கு இரவில் போக வண்டியின்மை ஆகியவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது?

அரசாங்க உதவியும் இந்த முடிச்சை அவிழ்ப்பதில்லை. 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தின் நகரப் பிரிவில், தானே வீடு கட்டிக்கொள்வோருக்கு மத்திய அரசாங்கம் ஒன்றரை லட்ச ரூபாய் மானியம் வழங்க ஏற்பாடாயிற்று. ஆனால் அதைப் பெறச் சொந்த மனை வேண்டும். செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் உதவி உண்டு, நிலத்துக்கு இல்லை. வீட்டு விலையின் உயிர்நிலை நிலத்தின் விலையே என்பதை இதிலிருந்தே அறியலாம்.

அடர்த்தி வேறு, நெருக்கடி வேறு

ஆகவே, ஊர் பரவுவதைக் குறைத்து, இருக்கும் ஊருக்குள்ளேயே அதிக வீடுகள் கட்ட வேண்டும் என்பது நம் கருத்து. இதைச் சொன்னவுடன் அங்கத்தினர்கள் அஞ்சுகிறார்கள். புறாக்கூண்டுகளில் எங்களை அடைக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்கிறார்கள். இங்கே ஒரு தெளிவு அவசியம். ஓர் ஏக்கரில் பல வீடுகள் இருப்பது அடர்த்தி. ஓர் அறையில் பல பேர் இருப்பது நெருக்கடி. இரண்டும் ஒன்றல்ல. தனித்தனி ஓட்டு வீடுகள் உள்ள தெருவில் அடர்த்தி குறைவு. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று குடும்பம் இருப்பதால் நெருக்கடி அதிகம். அடர்த்தியைக் கூட்டித்தான் அந்த நெருக்கடியைக் குறைக்க முடியும்.

கணக்கைப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. பாதைக்கும் பொது இடத்துக்கும் நூற்றுக்கு நாற்பது பங்கு விட்டால் சுமார் 26,000 சதுர அடி மிஞ்சும். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனைகளாகப் பிரித்தால் 21 குடும்பங்களுக்கு இடம் கிடைக்கும். அதே 26,000 சதுர அடியில் பாதியில் மட்டும் கட்டடம் எழுப்பி, மற்றப் பாதியைத் திறந்த வெளியாக விட்டு, தரைத்தளமும் மூன்று மாடிகளும் கட்டினால் என்ன ஆகும்? மாடி ஒன்றுக்கு 13,000 சதுர அடி. மூன்று மாடிகளில் 39,000 சதுர அடி. படிக்கட்டும் சேர்த்து வீட்டுக்கு 600 சதுர அடி என்றால் 65 வீடுகள். தரைத்தளத்தின் 13,000 சதுர அடியில், நடைபாதை உட்படத் தறிக்கு 200 சதுர அடி விட்டால் 65 தறிகள். அறுபத்தைந்து குடும்பங்களுக்கு அறுபத்தைந்து தறி! மனை பிரித்தால் இதே குடும்பங்களுக்கு மூன்று ஏக்கர் வேண்டும். எஞ்சும் இரண்டு ஏக்கர் நஞ்சை நஞ்சையாகவே நிற்கும். இது விதிக்குப் புறம்பான கட்டடமும் அன்று. 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயரமில்லாத சாதாரணக் கட்டடங்களுக்கு மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பை அனுமதிக்கின்றன. மேலே சொன்ன கணக்கும் அந்த இரண்டு மடங்குக்குள் அடங்குவதே.

ஆஸ்திரிய நாட்டின் வியன்னா நகரம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வழியில் சென்றது. முதல் உலகப் போருக்குப் பின் அங்கே தொழிலாளர்கள் ஒண்டக் கூரையின்றித் தவித்தார்கள். 1923-ல் அந்நகராட்சி, பெரிய வீட்டுக்கு அதிகமாகவும் சிறிய வீட்டுக்குக் குறைவாகவும் ஒரு வீட்டு வரி விதித்து, அப்பணத்தைக் கொண்டு 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட குடியிருப்புகளைக் கட்டியது. 1930-ல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் மனை என்ற குடியிருப்பில் 1,382 வீடுகள். ஆயினும் அதன் நிலத்தில் கட்டடம் நிற்பது சுமார் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. மற்றது தோட்டமும் முற்றமும். துணி வெளுக்கும் கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம் யாவும் உள்ளேயே அமைந்தன. இன்றும் அந்நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நகராட்சி வீடுகளிலும், லாப வரம்புக்கு உட்பட்ட கூட்டுறவு முதலிய சங்கங்களின் வீடுகளிலுமே வசிக்கிறார்கள். அடர்ந்து கட்டினால் அழுக்கும் இருளும்தான் வரும் என்பது முடிந்த முடிபு அன்று.

நிலம் யார் கையில்?

ஆனால் மாடி உயர்ந்தால் மட்டும் வாடகை இறங்கிவிடும் என்று நாம் நம்பவில்லை. கட்ட அனுமதிக்கும் பரப்பு இரட்டித்தால், வீடுகள் பெருகும் என்பது உண்மை. கூடவே நிலத்துக்குச் சொந்தக்காரர் கேட்கும் விலையும் உயரும் என்பதும் உண்மை. லாபம் முழுவதும் ஒருவர் மடியில் விழாமலிருக்க வேண்டுமானால், நிலம் பொதுவில் இருக்க வேண்டும். வியன்னாவில் நிலம் நகராட்சியிடம் இருந்தது. சிங்கப்பூரில் 1960-ல் வீட்டு வசதி வாரியம் அமைந்தது. 1966-ல் நில ஆர்ஜிதச் சட்டம் வந்தது. இன்று அந்நாட்டில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வாரியக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். ஆனால் அங்கும், 99 ஆண்டுக் குத்தகை உரிமையை வெளிச் சந்தையில் விற்கலாம் என்றானபின், மறுவிற்பனை விலை ஏறி இளைய தலைமுறை கவலைப்படுகிறது.

நம் கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றிலும் இதே பாடம் உண்டு. 1940-களின் இறுதியில் சென்னைக் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் அடையாற்றில் காந்தி நகரை உருவாக்கியது. அகன்ற தெருக்களும் மர நிழலும் கொண்ட அழகிய நகர் அது. மத்தியதர வகுப்பினர் பலர் கூட்டுறவின் பலத்தால் அங்கே வீடு பெற்றனர். அதில் நமக்குப் பெருமையே. ஆயினும் மனைப் பத்திரம் கைக்கு வந்த நாளோடு அங்கே நிலத்தைப் பற்றிய கூட்டுறவு முடிந்தது. மனை தனிச் சொத்தாயிற்று, சந்தைக்கு வந்தது. இன்று அது நகரின் விலையுயர்ந்த பகுதிகளில் ஒன்று. அன்று எந்த வருவாய்க்காரருக்காகச் சங்கம் பாடுபட்டதோ, அதே வருவாயுள்ளவர் இன்று அங்கே ஓர் அறைகூட வாங்க முடியாது. ஒரு தலைமுறையை வாழவைத்து அடுத்த தலைமுறையைக் கைவிட்ட கூட்டுறவு அது. அன்றைய நிர்வாகிகளை நாம் குறை கூறவில்லை. அவர்கள் அறிந்தவாறு நன்மையே செய்தார்கள். ஆனால் விளைவைக் கண்ட பின்பும் நாம் அதே பாதையில் போவது தகாது.

ஆட்சேபங்கள்

இக்கருத்துக்கு எழும் ஆட்சேபங்களை நாம் புறக்கணிக்கவில்லை. முதலாவது, நெசவாளருடையது. தறி கீழேயும் வீடு மேலேயும் இருந்தால், சமையலுக்கிடையே தார் சுற்றிக் கொடுக்கும் பெண்களின் உழைப்பு எப்படி நடக்கும் என்று கேட்கிறார்கள். பொருத்தமான கேள்வி. தறிக்கூடம் கூப்பிடு தூரத்தில், அதே கட்டடத்தின் அடியில் இருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதற்காகத்தான். ராட்டினம் மாடிக்குப் போகலாம்; குழித்தறிதான் போக முடியாது. ஜக்கார்டுப் பெட்டி ஏற்றும் அளவுக்குத் தரைத்தளக் கூரை உயரமாக இருக்க வேண்டும். காலை வெயில் ஏறுமுன் பாவை முழு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி தோய்க்கத் திறந்த வெளியில் நேரான நீள் பாதை ஒன்று, இரு மருங்கும் மரத்தோடு வேண்டும். படியேற இயலாத முதியோருக்குக் கீழேயே சில வீடுகள் ஒதுக்க வேண்டும். அதனால் சில தறிகள் குறைந்தாலும் பாதகமில்லை. வரைபடம் போடும் என்ஜினீயருக்குத் தறி தெரியாது. நெசவாளர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மாடிக் குடியிருப்புகள் விரைவில் பாழடைகின்றன என்பது. இதுவும் மெய்யே. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்புக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. விரிசல் கண்டு மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிர்ச்சேதம் நேரவில்லை. எல்லோருக்கும் பொதுவான கூரையை ஒருவரும் தமதாக எண்ணாவிடில் அது யார் தலையிலாவது விழும். முதல் மாதத்திலிருந்தே பராமரிப்பு நிதி வசூலித்து, தனிக் கணக்கில் வைத்து, ஆண்டுதோறும் பொதுக்குழுவில் படித்துக் காட்ட வேண்டும். சிக்கன நிதி சேர்க்கப் பழகிய நமக்கு இது புதிய வித்தை அன்று.

மூன்றாவது ஆட்சேபம் மிகக் கடினமானது. ஆயக்கட்டு நிலத்தை விற்காதே என்று விவசாயியிடம் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? மகள் கலியாணமும் ஆஸ்பத்திரிச் செலவும் வந்தால் அவர் வேறெங்கே போவார்? நிலத்தை மனையாக்கினால் கிடைக்கும் விலையை மறுத்துவிட்டு, பட்டணத்தார் சோறுண்ண அவர் மட்டும் தியாகம் செய்ய வேண்டுமா? இதற்கு உபதேசத்தால் விடை கூற முடியாது. விவசாயி நெருக்கடியில் விற்கிறார்; ஆசையில் விற்பவர் சிலரே. நெருக்கடி நேரத்தில் தாமதமின்றிக் கடன் கொடுக்கவும், விளைபொருளை நியாய விலைக்கு எடுக்கவும், விற்றே தீர வேண்டுமானால் அந்நிலத்தைத் தரகருக்கு முன் பயிரிடும் மற்றோர் அங்கத்தினர் வாங்க உதவவும் நம் சங்கங்களால் முடிய வேண்டும். அது முடியாதவரை, விற்றவரைத் தூற்ற நமக்கு வாயில்லை.

செய்யத் தக்கவை

ஆகவே, அங்கத்தினர்களின் ஆலோசனைக்குச் சிலவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவதாக, எந்தக் கூட்டுறவுச் சங்கமும் தன் அங்கத்தினர் வீட்டுக்காக ஏரிப் பாசன நஞ்சையை வாங்குவதில்லை என்று தீர்மானிக்க வேண்டும். ஒரு அங்கத்தினருக்கு வீடு கொடுக்க மற்றோர் அங்கத்தினரின் வாய்க்காலை அடைப்பது கூட்டுறவு ஆகாது.

இரண்டாவதாக, ஊருக்குள் உள்ள இடங்களைக் கணக்கெடுக்க வேண்டும். இடிந்த கிட்டங்கி, பயன்படாத சங்கக் கட்டடம், பழைய நெசவாளர் குடியிருப்பில் ஒற்றைத் தளமாக நிற்கும் வீடுகள், பங்காளி வழக்கில் பூட்டிக் கிடக்கும் மனைகள் என்று தேடினால் ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஏக்கராவது அகப்படும்.

மூன்றாவதாக, நிலம் என்றும் சங்கத்தின் பேரில் நிற்க வேண்டும். அங்கத்தினருக்கு வாழும் உரிமையும், வாரிசுக்கு அதைக் கொடுக்கும் உரிமையும் உண்டு. விட்டுப் போக விரும்பினால், அவர் செலுத்திய தொகையும் நியாயமான உயர்வும் பெற்றுச் சங்கத்திடமே ஒப்படைக்க வேண்டும். வெளிச் சந்தையில் விற்கலாகாது. இது அங்கத்தினர் மனம் எளிதில் ஒப்பும் நிபந்தனை அன்று என்பதை அறிவோம். சொந்த மண் என்ற ஆசை நம் இரத்தத்தில் ஊறியது. ஆனால் நம் பேரப்பிள்ளைகளுக்கும் அதே தெருவில் வீடு வேண்டுமானால் வேறு வழி இல்லை.

நான்காவதாக, அரசாங்கத்தைக் கேட்க வேண்டியவை. நீர்நிலை அல்லாத ஊர்ப் புறம்போக்கைக் கூட்டுறவு வீட்டு வசதிக்கு நீண்ட குத்தகைக்குத் தருதல். மானியத்தைத் தனி மனை உள்ளவருக்கு மட்டுமன்றி, சங்க நிலத்தில் கட்டும் அங்கத்தினருக்கும் தருதல். மாடி எழும் தெருக்களுக்குக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் முன்கூட்டியே தருதல். குழாய் இல்லாமல் மாடி எழுந்தால் நாம் நெருக்கடியை ஒழிக்கவில்லை, அடுக்கி வைத்தோம் என்றே ஆகும்.

இவை யாவும் முழுமையான திட்டம் என்று நாம் கூறவில்லை. ஒவ்வோர் ஊரின் மண்ணும் தொழிலும் வேறு. தீர்வும் அதற்கேற்ப வேறுபடும். ஆனால் முடிவைத் தரகர் எடுக்குமுன் பொதுக்குழு எடுக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. வருகிற பொதுக்குழுக் கூட்டத்தில் நெசவாளரும் விவசாயியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஊர் வரைபடத்தை நடுவில் விரித்து, ஏரியையும் மதகையும் வாய்க்காலையும் முதலில் குறித்துவிட்டு, அதன்பின் வீட்டுக்கு இடம் தேடுவார்களாக. உடுக்கத் துணி நெய்பவருக்கு ஒண்ட நிழலும், உண்ண நெல் விளைப்பவருக்கு உழ நிலமும் சேர்ந்து கிடைத்தாலன்றி, கூட்டுறவு என்று நாம் பலகையில் எழுதி வைத்திருக்கும் சொல்லுக்குப் பொருள் இல்லை.